தோட்டத்தை உப்பளமாக்காதீர்

கோடையில் மரக்காணம் பக்கம் செல்வோர் இருவகைப் பாத்திகளைக் காண்பர். ஒன்று உப்புப் பாத்தி. மற்றொன்று கீரையும் தர்பூசணியும் நிலக்கடலையும் விளையும் பயிர்ப் பாத்தி. இரண்டுக்கும் வரப்பு உண்டு. இரண்டிலும் மனிதர் நீர் பாய்ச்சுகின்றனர். இரண்டின்மீதும் ஒரே வெயில் காய்கிறது. ஒரே கடற்காற்று வீசுகிறது. ஒன்றில் உப்பு விளைய வேண்டும். மற்றொன்றில் பயிர் விளைய வேண்டும். இக்கரையில் கோடைதோறும் கருகி மடியும் செடிகளுள் பல, நீர் இல்லாமையால் மடிவதில்லை. தோட்டப் பாத்தி, தோட்டக்காரர் அறியாமலே, உப்புப் பாத்தியாக மாறிவிடுவதால் மடிகின்றன. இதை நம் அங்கத்தினர்கள் நன்கு உணரவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் நேரில் கண்ட ஒரு செய்தியிலிருந்தே தொடங்குவோம். கடற்கரைக்கு அண்மையில் உள்ள ஒரு சங்கத்தின் கட்டடம். பெயர் இங்கு வேண்டுவதில்லை. அதன் முன்றிலில் ஐந்து சென்ட் அளவில் பசும்புல் தரை அமைத்தனர். நாற்றுப் பண்ணையிலிருந்து புல்லைக் கட்டுக்கட்டாக வாங்கிப் பதித்தனர். தை மாதத்தில் அது பச்சைக் கம்பளம் போல் விளங்கிற்று. அதைப் பாராட்டியவர்களில் நாமும் உண்டு என்பதை ஒளிக்க விரும்பவில்லை. பங்குனியில் வெயில் ஏறியதும் மாலைதோறும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய் வழியே லேசாகத் தெளித்து வந்தனர். சித்திரையில் புல்லின் நுனி பழுத்தது. நீர் போதவில்லை போலும் என்று காலையிலும் தெளித்தனர். வைகாசி பிறக்குமுன் தரையில் மாவு தூவியது போல் வெண்மை படர்ந்தது. பதினைந்து நாளில் புல் முழுதும் வைக்கோலாயிற்று. பிறகுதான் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினர். லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் உப்பு என்று விடை வந்தது. அங்கத்தினர் பணத்தில் அமைத்த புல்தரையை அங்கத்தினர் பணத்தில் நீர் இறைத்தே கொன்றனர் என்பதுதான் இதன் சாரம்.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய உப்பளத்தையே உற்று நோக்கவேண்டும்.

உப்பளத் தொழிலாளி பருவத் தொடக்கத்தில் முதலிற் செய்வது பாத்தியின் அடித்தரையைக் காலால் மிதித்து இறுக்குவது. நீர் கீழே இறங்கிவிடக் கூடாது. அடுத்து, கழிநீரை மெல்லிய படலமாகப் பரப்புவார். ஆழமாக நிறுத்தினால் சூடேற நாளாகும். மரமோ நிழலோ அருகில் இருக்கலாகாது. காற்று தடையின்றி வீசவேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. பாத்தி பாத்தியாக மாற்றிச் சுண்டவைக்கும்போது முதலில் ஜிப்சம் படியும். நீர் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகக் குறுகும் நிலையில், அதாவது போமே அளவையில் சுமார் 25 பாகை வந்ததும், சமையல் உப்பு மணிமணியாகப் பூக்கும். உப்பை வாரியபின் எஞ்சும் கைப்பு நீரை அவர் பாத்தியில் விட்டு வைப்பதில்லை, வடித்து வெளியேற்றிவிடுவார்.

இறுகிய தரை, மெல்லிய நீர், நிழலின்மை, தடையற்ற காற்று ஆகிய இந்நான்கும் உப்பு விளைய இன்றியமையாதவை. மேற்சொன்ன சங்கத்தின் புல்தரையில் இந்நான்கும் குறைவின்றி இருந்தன! அடியில் கட்டட வேலையின்போது வண்டிகள் ஓடி இறுகிய மண், மேலே நாள்தோறும் விரற்கடை ஆழம்கூட இறங்காத தெளிப்பு, சுற்றிலும் வெட்டவெளி. உப்பளத்தில் இருந்து இங்கு இல்லாதது ஒன்றே. அங்கே கைப்பு நீர் வெளியேற வாய்க்கால் உண்டு; இங்கே அதுவும் இல்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். கடுங்கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் உயர அளவு நீரை நிலத்துக்கு விடுவதாகக் கொள்வோம். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஆகவே சென்ட் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் நீர். அதில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு எனில், நாளொன்றுக்கு 400 கிராம். வெயில் நீரை மட்டுமே கொண்டுசெல்லும், உப்பைத் தொடாது. நூறு நாளில் அந்த ஒரு சென்ட் நிலத்தின் மேல்மண்ணில் 40 கிலோ உப்பு சேர்ந்துவிடும். ஐந்து சென்ட் புல்தரைக்கு 200 கிலோ. மூட்டை மூட்டையாக உப்பை வாங்கி வந்து தோட்டத்தில் கொட்ட எவரும் துணியமாட்டார். குழாய் வழியே வருவதால் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

உப்பு மிகுந்த மண்ணில் செடி படும் பாட்டை அறிய ஊறுகாய் ஜாடியே போதும். மாங்காய்த் துண்டில் உப்பிட்டால் அது நீர் விட்டுச் சுருங்குகிறதல்லவா? வேரின் நிலையும் அதுவே. வேருக்கு வெளியே உப்பு மிகும்போது வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும். வாடுவதைக் கண்டு மனம் பொறாமல் மேலும் அதே நீரை ஊற்றுகிறோம். வெறும் வறட்சியையும் உப்பின் கேட்டையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. வறட்சியில் இலை முழுதும் துவளும். நீர் கண்டதும் நிமிரும். உப்பில் இலையின் நுனியும் விளிம்பும் முதலில் தீய்ந்து பழுப்பேறும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கும். செடி மட்டும் வாடியிருக்கும்.

ஆகவே இக்கரையில் கோடைத் தோட்டக்கலை என்பது உப்பளத் தொழிலாளி செய்வதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்வதே. அவர் தரையை இறுக்கினால் நாம் இளக்கவேண்டும். அவர் மெல்லிய நீர் நிறுத்தினால் நாம் ஆழ நீர் விடவேண்டும். அவர் வெயிலையும் காற்றையும் அழைத்தால் நாம் அவற்றைத் தடுக்கவேண்டும்.

நீர் விடும் முறைதான் இவற்றுள் தலையாயது. நாள்தோறும் தெளிப்பதை விடுத்து, மணற்பாங்கான நிலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும், களிப்பு நிலத்தில் வாரம் ஒருமுறையும், வேர் ஆழம் முழுதும் நனையுமாறு விடுதல் வேண்டும். செடிக்கு வேண்டியதைவிட ஆறில் ஒரு பங்கு கூடுதலாக விட்டால் அந்த மிகுதி நீர் உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே கொண்டுசெல்லும். இதுதான் தோட்டத்தின் வடிகால். அடியில் நீர் இறங்க வழியில்லையெனில் இம்முறை பயன் தராது. முதலில் கடப்பாரையால் மண்ணை இளக்கவேண்டும். தொட்டிச் செடி வைப்போர் தொட்டியின் அடித்துளை அடைபட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்க. மாலை மங்கியபின் அல்லது விடியுமுன் விடுவது நன்று. உப்பு நீரை இலைமேல் தெளிப்பது பெருந்தவறு. நீர் உலர்ந்தபின் இலையிலேயே உப்புப் பூக்கும்.

விதைக்கும் இடத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பார் அணைத்துச் சாலில் நீர் விடும்போது உப்பு பாரின் உச்சிக்கு ஏறி அங்கே தங்கும். வழக்கப்படி உச்சியில் விதையை ஊன்றினால் முளைக்காது, முளைத்தாலும் நிலைக்காது. பாரின் சரிவில், நீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஊன்ற வேண்டும். முளைக்கும் காலத்தில்தான் பயிர் உப்புக்கு மிகவும் அஞ்சும். ஆகவே வீட்டில் கிடைக்கும் நல்ல நீரை நாற்றங்காலுக்கென்று ஒதுக்கி, வளர்ந்த செடிக்குக் கிணற்று நீரைக் கொடுக்கலாம்.

மண்ணை மூடிவைப்பது அடுத்த கடமை. வைக்கோல், நிலக்கடலைத் தோல், பனையோலை, சவுக்குச் சருகு, காய்ந்த புல் இவற்றில் எது கிடைத்தாலும் செடியைச் சுற்றி நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பலாம். தண்டைத் தொடாமல் சிறிது இடம் விடவேண்டும். வெயில் மண்ணைத் தொடாதவரை நீர் மேல்நோக்கி ஏறி ஆவியாவது குறையும். உப்பும் மேலே வாராது. தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். கழிநீரில் ஊறிய மட்டையின் கழிவானால் அதிலேயே உப்பு இருக்கும். இருமுறை நல்ல நீரில் அலசியபின் இடுக. காற்றைத் தடுக்க, கடல் பக்கமாகப் பனையோலைத் தட்டி கட்டுவது உடனடி உபாயம். நிலையான வேலிக்குச் சவுக்கும் பூவரசும் புன்னையும் உள்ளன. நன்கு அமைந்த மரவேலி தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தொலைவு வரை காற்றின் வேகத்தைத் தணிக்கும்.

புதைபானை முறையைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். மெருகிடாத மண்பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து வேரை அடையும். மேல்மண் உலர்ந்தே இருக்கும்; ஆதலால் ஆவியாகி வீணாவது மிகச் சிறிதே. இது புதிய கண்டுபிடிப்பன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் சீன தேசத்து ஃபான் ஷெங்ஷி என்பவர் எழுதிய வேளாண் நூலில், குழியின் நடுவே பானையைப் புதைத்து, அதைச் சுற்றி நான்கு முலாம்பழ விதைகளை ஊன்றும் முறை கூறப்பட்டுள்ளது. ஹரியானாவின் கர்னாலில் 1969இல் நிறுவப்பெற்ற மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம் 1970களில் இதே முறையை உவர்நீர் கொண்டு சோதித்து, காய்கறி விளைவிக்க இயலும் என்று காட்டியது. தர்பூசணிக்குப் பேர்பெற்ற நம் பகுதியில், கொல்லைப்புறத்தில் ஐந்தாறு பானை புதைத்துப் பார்ப்பது எவருக்கும் பெருஞ்செலவன்று. நாட்செல்லச் செல்லப் பானையின் துளைகளை உப்பு அடைக்கும். அப்போது எடுத்து நல்ல நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவவேண்டும்.

இனி, எதைப் பயிரிடுவது? எல்லாச் செடியும் உப்புக்கு ஒரே வகையாக அஞ்சுவதில்லை. மண்ணின் சாற்றில் மின்கடத்துத் திறனை டெசிசைமன் என்னும் அலகால் அளப்பர். விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லை பீன்சுக்கு 1.0, வெங்காயத்துக்கு 1.2, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, நிலக்கடலைக்கு 3.2, தட்டைப்பயற்றுக்கு 4.9. பருத்தி 7.7 வரை தாங்கும். நெசவாளர்களின் செல்வமாகிய பருத்தி இவ்வரிசையில் கடைசிவரை நிற்பது நமக்கு மகிழ்ச்சியே. அதற்கு அடுத்தபடியாக 6.9 வரை தாங்குவது எது தெரியுமா? வரப்பில் முளைத்ததென்று களைந்து எறிகிறோமே, அந்த அறுகம்புல்தான். புல்தரை வேண்டுமென்று விரும்பும் சங்கங்கள் அறுகையே வளர்க்கலாம். கோடையில் அதை ஒட்ட வெட்டாமல் மூன்று விரற்கடை உயரம் விடவேண்டும். அது தன் அடிமண்ணுக்குத் தானே நிழலாகும். நீர் மிகவும் சுருங்கினால் பழுத்துக் காய்ந்து கிடக்கும். அதைச் செத்ததென்று எண்ணிப் பெயர்த்தெடுக்கலாகாது. கீழ்த்தண்டு உயிரோடிருந்து மழைக்குத் தளிர்க்கும். மேற்சொன்ன சங்கத்தின் முன்றிலிலும், விலை கொடுத்து வாங்கிய புல் மடிந்தபின், கூரைநீர் விழும் சுவரோரத்தில் எவரும் நடாத அறுகு பச்சையாகவே நின்றது. ஓரிடத்தில் உமரி தானே முளைத்திருந்தால் அங்கே எப்பயிரையும் வைத்துப் பாடுபட வேண்டுவதில்லை. நிலத்தின் விடை அதுவே.

உரத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் கிராமங்களில் இரசாயன உரத்தை உப்பு உரம் என்று சொல்வோர் இன்றும் உண்டு. அது எவ்வளவு பொருத்தமான பெயர்! கோடையில் வாடிய செடிக்குத் தெம்பூட்டுவதாக எண்ணி யூரியாவோ மியூரியேட் ஆப் பொட்டாஷோ இடுவது, உப்பில் வாடுவதற்கு மேலும் உப்பிடுவதேயாகும். மக்கிய தொழுவுரமே கோடைக்கு ஏற்றது.

நெசவாளர் வீடுகளிலும் இவ்விஷயத்துக்கு இடமுண்டு. குழித்தறிக்காரர் ஈரப்பதத்தின் அருமையை எவரும் சொல்லாமலே அறிவர். வறண்ட காற்றில் பாவு இழை அறும். தறிக்கூடத்தின் மேற்குப் புறத்தில் ஒரு பூவரசும் பாவடியில் இரண்டு வேம்பும் நிற்குமானால், அவை நிழலோடு குளிர்ச்சியையும் தரும். வீட்டில் அரிசி கழுவிய நீரையும் காய்கறி அலசிய நீரையும் இம்மரக் கன்றுகளுக்கு விடலாம். ஆனால் சாயத் தொட்டி நீரை ஒருபோதும் செடிக்கு விடலாகாது. நூலில் சாயம் ஏறுவதற்காகவே அதில் உப்பைக் கொட்டுகிறோம். நொய்யல் ஆற்றின்மேல் 1992இல் கட்டிமுடித்த ஓரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் உப்பு தேங்கும் இடமாகி, பாசனத்துக்கே உதவாது போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப் பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது முற்றியது. கடலிலிருந்து மிகவும் தொலைவில் உள்ள கொங்கு நாட்டு நிலமும் உப்பால் கெடலாம் என்பதற்கு அது சான்று. சவர்க்கார நீரிலும் சோடியம் உண்டு. துணி அலசிய கடைசி நீரை மட்டும் மரத்துக்கு விடுவதில் தவறில்லை.

இதுவரை கூறியவை ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்தில் தாமே செய்யக்கூடியவை. கிணறு அவ்வாறன்று. கடற்கரையில் நன்னீர் உப்புநீரின் மேல் எண்ணெய்போல் மிதந்து நிற்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இரு ஐரோப்பிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு. இதை மறுதலையாகவும் படிக்கவேண்டும். மோட்டாரால் இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், கீழே உப்பு 40 அடி மேலெழ இடம் தருகிறோம். நீர் குறைந்ததென்று துளையை இன்னும் ஆழப்படுத்துவோர் உப்பை நோக்கியே இறங்குகின்றனர். இக்கரையின் பழைய சவுக்குக் கன்றுத் தோட்டக்காரர் மணலில் ஆழமற்ற குழிகள் பல எடுத்து, குடத்தால் மொண்டு ஊற்றியது அறியாமையால் அன்று. பல இடத்தில் சிறிது சிறிதாக, மேல்நீரை மட்டும் எடுப்பதே அதன் பயன். ஒருவர் கிணறு உவர்த்தால் அடுத்தவர் கிணறும் உவர்க்கும். உவர்த்த கிணறு மீளப் பல்லாண்டாகும். தெருவுக்கு ஒரு மோட்டார் முறையும் இறைக்கும் நேர வரம்பும் வைத்துக்கொள்ள நம் சங்கங்களைவிடத் தகுந்த இடம் வேறு எது?

அந்த மிதக்கும் நீரைப் பெரிதும் நிரப்புவது வடகிழக்குப் பருவமழையே. 2016இல் அம்மழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுதும் வறட்சியுற்றதாக அரசு அறிவித்தது. அத்தகைய ஆண்டில் மேல்மண்ணின் உப்பைக் கழுவ மழையும் இல்லை, கிணற்றில் இனிய நீரும் இல்லை. ஆகவே பெய்யும் ஆண்டில் ஒரு துளியையும் கடலுக்கு விடலாகாது. கூரைநீரைச் சேமிக்கும் அமைப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். ஆனால் பல கட்டடங்களில் குழாய் மட்டும் நிற்கிறது, குழி தூர்ந்துவிட்டது. புரட்டாசிக்குள் அதைத் தோண்டித் தூய்மை செய்க. மழைக்கு முன் பாத்திகளின் வரப்பை உயர்த்தி நீரை நிற்கவைத்தால், அது இறங்கும்போது கோடை முழுதும் சேர்ந்த உப்பையும் உடன்கொண்டு இறங்கும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த நாகைப் பகுதி வயல்களில் பலவற்றைத் தேற்றியதும் அடுத்த ஆண்டின் மழைதான். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதது அதற்குத் துணை செய்தது. சோடியத்தால் களிமண் இறுகிப்போன இடத்தில் மட்டும், மண் பரிசோதனைக்குப் பின் ஜிப்சம் இடலாம். உப்பளத்தில் முதலிற் படியும் அப்பொருளே இங்கு மருந்தாவது ஒரு விந்தை.

சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. சொட்டும் இடத்தைச் சுற்றி நனைந்த வட்டத்தின் விளிம்பில் உப்பு வளையமாகச் சேர்ந்திருக்கும். கோடை மழையின் முதல் தூறல் அந்த உப்பை உள்ளே வேருக்குத் தள்ளும். மழை பெய்த மறுநாள் செடி கருகியது என்று சிலர் வியப்பது இதனாலேயே. தூறல் விழும்போது சொட்டுநீரை நிறுத்தாமல், மழை வலுத்து மண் நன்கு நனையும் வரை ஓடவிடுக.

கிணற்று நீரைப் பரிசோதிப்பதை வைகாசிக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். மழை முடிந்த தையில் எடுத்த நீர் நல்லதெனக் காட்டும். கோடை உச்சியில் எடுப்பதே உண்மை சொல்லும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டபின், அரை லிட்டர் கொள்ளும் தூய புட்டியை அதே நீரால் மும்முறை அலசி நிரப்பி, இறுக மூடி, கிணற்றின் ஆழமும் தேதியும் எழுதி ஒட்டி, மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பவேண்டும். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் குறைவாயின் எதற்கும் தடையில்லை. 2,000 மில்லிகிராம் வரை மேற்சொன்ன முறைகளோடு பயன்படுத்தலாம். அதற்கு மேற்பட்டால், அந்நீரை எந்தச் செடிக்கும் விடுமுன், அது உப்பைத் தாங்கும் செடிதானா என்று இக்கட்டுரையின் வரிசையை ஒருமுறை பார்த்துக்கொள்க.